பதினான்கு நாட்களில் ஆட்சேபம் வரவில்லை

சரக்கு ஏற்றுவதற்கென்று பதிவான வாகனத்தின் உட்புறத்தை மாற்றிக் கட்டி, அதில் குடும்பத்தாரை ஏற்றிச் செல்ல விரும்புபவர், முதலில் அதைப் பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டும். பரிசோதகர் வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்து, எழுத்தில் அனுமதி தர வேண்டும். அனுமதி வரும்வரை அனுமதி இல்லை. விதி இவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் வாகனப் பதிவு அலுவலகக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து இதை வந்தவருக்கெல்லாம் சொல்லிச் சம்பளம் வாங்கினேன். இப்போது ஓய்வூதியம் வாங்குகிறேன். எனக்கு ஒன்பது வயதில் எங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்லத்தான் அந்தக் கவுன்டரில் ஆள் இல்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம் அது. கப்பலேறப்போகும் துரைமார்கள் நாய், பியானோ, அலமாரி என்று எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர் தம் வேனை அப்பாவிடம் தள்ளிவிட்டார். ஜப்பான் சண்டைக்கு முன்பு ரொட்டி விற்ற வேன் அது. துரை அதற்குள் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, பூப்போட்ட திரை, கட்டிலின் தலைமாட்டுக்கு மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வேட்டைக்குப் போய் வந்திருக்கிறார். மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வாசலில் அது வந்து நின்றதும் தெருவே வேடிக்கை பார்த்தது. வீட்டுக்குள் வண்டி நிற்கும். வண்டிக்குள் வீடு இருந்து யாரும் பார்த்ததில்லை.

அப்பா ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. அம்மாவுக்கு முதுகெலும்பில் காசநோய். நிமிர்ந்து உட்காரக் கூடாது, படுத்தே கிடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை வருடத்தில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை கடலைப் பார்க்க வேண்டும். மலாக்கா போன்ற கடலோர ஊரில் இருந்துகொண்டு கேட்கக்கூடிய மிகச் சிறிய ஆசை அது. ஆனால் படுத்துக்கொண்டே போவதற்குப் பேருந்தில் இடம் கிடையாது.

பக்கத்து வீட்டு மாமா மோட்டார் பட்டறையில் வேலை செய்தவர். மலாக்காச் செட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட தமிழர்கள். கோயிலுக்கு வேட்டி கட்டி வருவார், நெற்றி நிறைய விபூதி பூசுவார், பேசுவது மட்டும் அவர்களுடைய மலாய். வேனின் அடியில் ஒரு மணி நேரம் கிடந்துவிட்டு, முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தார்.

“கிராணி, பிரேக் த’மாக்கான்.”

பிரேக் சாப்பிடவில்லை, அதாவது பிடிக்கவில்லை என்று பொருள். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

“என்னங்க, அதுக்கும் கஞ்சி வச்சுக் குடுக்கணுமாம்! எனக்கு ஒரு சோடி கிடைச்சிருச்சு” என்றார்.

மாமா சிரிக்கவில்லை. ரொட்டியின் கனத்துக்குப் போட்ட பிரேக் இது, இவ்வளவு மரத்தையும் தண்ணீரையும் தாங்காது என்று அவர் மலாயில் சொன்னார். கட்டிலை இரும்புச் சட்டத்தோடு முடுக்கவில்லை, வெறும் பலகையில் ஆணி அடித்திருக்கிறது. தொட்டியைக் கழற்ற வேண்டும். பிரேக் சாமான் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், ஒரு மாதம் பொறுங்கள்.

அப்பா நிலப்பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா, அதாவது மாமா சொல்லும் கிராணி. கரி பூசிய முகம் சொல்வதை அவர் மறுக்கவில்லை; ஆனால் அது ஓர் அபிப்பிராயம், முடிவு அல்ல என்றார். முடிவு எழுத்தில் வர வேண்டும். அன்றே வாகனப் பதிவு அலுவலகத்துக்கு நீளத்தாளில் ஆங்கிலத்தில் எழுதினார்: இன்ன எண்ணுள்ள பழைய வேன், இன்ன மாற்றங்களோடு, என் குடும்பத்தார் பயணம் செய்யத் தகுதியானதுதானா என்று தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். மாமா சொன்ன குறைகளை வரிசையாக எண் போட்டு எழுதியிருந்தார். மறைக்க அவரிடம் எதுவும் இல்லை. பிரதி ஒன்றைக் கோப்பில் வைத்தார். அம்மா படுத்தபடியே போகலாம் என்று டாக்டரிடமும் கையெழுத்து வாங்கி அதே கோப்பில் வைத்தார்.

நாடு கைமாறிய நேரம் அது. அலுவலகங்களில் நாற்காலிகளும் கைமாறிக்கொண்டிருந்தன. பதில் வரவில்லை. தினமும் தபால்காரரை நான் வாசலில் மறித்தேன். “இன்னும் எழுதி முடிக்கல போல, பாப்பா” என்பார் அவர்.

அப்பாவின் அலுவலகச் சுவரில் ஓர் அறிவிப்பு உண்டு. நிலம் சம்பந்தமாக ஒருவர் விண்ணப்பித்தால், பதினான்கு நாட்களுக்குள் ஆட்சேபம் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று கொள்ளப்படும். அந்த வாசகத்தோடு இருபது வருடம் வாழ்ந்தவர் அவர். உலகமே அப்படித்தான் நடக்கிறது என்று நினைத்ததில் வியப்பில்லை. அந்தச் சலுகை நிலத்துக்கு மட்டும் உரியது. நிலம் நகராது, காத்திருந்து திருத்திக்கொள்ளலாம்.

பதினைந்தாம் நாள் வேனைக் கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பூசை போட்டார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். நான்கும் சுத்தமாக நசுங்கின என்று பூசாரி திருப்தியோடு சொன்னார். எலுமிச்சம்பழம் நசுங்க பிரேக் வேண்டியதில்லை. எங்கள் வேனுக்கு நடந்த ஒரே பரிசோதனை அதுதான்.

அடுத்த ஞாயிறு காலை அம்மாவைப் பலகையோடு தூக்கி வேனுக்குள் கிடத்தினார்கள். மாமாவும் ஒரு கை பிடித்தார். கடலில் கால் நனைத்த பிறகு அம்மாவுக்குக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும் என்று அப்பா தொட்டியை நிரப்பியிருந்தார். அதைப் பார்த்து மாமா, “கிராணி, தண்ணியாச்சும் கீழே ஊத்திருங்க” என்று தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார். அம்மாவுக்கும் புரியட்டும் என்றுதான் தமிழில் சொல்லியிருக்க வேண்டும். “மெதுவாத்தான் போறேன்” என்றார் அப்பா.

மெதுவாகத்தான் போனார். தெங்கெராவில் வீட்டுக்கு வீடு புதுக்கொடி பறந்தது. கிளேபாங் தாண்டியதும் தென்னைகளுக்கு நடுவே கடல் தெரிந்தது. நான் முன் இருக்கையில் அப்பாவின் பக்கத்தில் இருந்தேன். அம்மாவின் தலை எங்கள் முதுகுப் பக்கம். அவருக்குத் தெரிந்தது பூப்போட்ட திரைதான்.

“தெரியுதாடி?”

“தெரியுதும்மா.”

“எப்படி இருக்கு?”

“பழுப்பா இருக்கு.”

“போடி, பொய் சொல்லாதே. கடல் நீலமாத்தான் இருக்கும். வண்டி நிக்கட்டும், நானே பாத்துக்கிறேன்.”

சந்து ஒன்றிலிருந்து தேங்காய் ஏற்றிய மாட்டுவண்டி சாலைக்கு வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார், மறுபடி மிதித்தார், பிறகு எழுந்து நின்றே மிதித்தார். மாடுகளைத் தவிர்க்க ஒடித்ததில் வேன் ஒரு தென்னையில் போய் முட்டியது. வேகம் இருபது மைல்கூட இராது. எனக்கு உதடு கிழிந்தது. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. பின்னால் கட்டில் ஆணிகளோடு பெயர்ந்து முன்னால் வந்திருந்தது. நிரம்பிய தொட்டி அம்மாவின் மேல் விழுந்திருந்தது.

மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் அம்மா போனார்.

அப்பா யாரையும் குறை சொல்லவில்லை. மாமாவின் வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார். மாமா ஒரு நாள் தாமாக வந்து, “சொன்னேன்னு இப்ப சொல்ல வரல, கிராணி” என்றார். 

சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் பொங்கல் இல்லை. மற்ற வீடுகளில் பால் பொங்கிக்கொண்டிருந்த காலையில்தான் தபால்காரர் அந்தப் பழுப்பு உறையைக் கொடுத்தார். நான் அப்பாவிடம் ஓடிப்போய், உறையைப் பிரித்து, பள்ளியில் வாசிப்பதுபோல உரக்க வாசித்தேன். தங்கள் கடிதம் கிடைத்தது. குறிப்பிட்ட வாகனம் நல்ல நிலையில் இருக்கும்பட்சத்தில், தங்கள் குடும்பத்தார் அதில் பயணம் செய்வதில் இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபம் இல்லை.

“இன்னொரு தடவை வாசி” என்றார் அப்பா.

வாசித்தேன். எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. மூன்று மாதமாகப் பேசாமல் இருந்தவருக்கு நான் நல்ல சேதி கொண்டுவந்திருந்தேன்.

“பாத்தீங்களாப்பா, சரின்னுதான் எழுதியிருக்காங்க. நம்ம மேல தப்பே இல்ல.”

அப்பா என் தலையில் கை வைத்தார்.  ஆறுதல் அடைந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு பேனாவை எடுத்து, தம் அலுவலகத்துக்கு வரும் எல்லாக் கடிதங்களிலும் எழுதுவதுபோல, வலது மூலையில் எழுதினார்: பெறப்பட்டது, 14 ஜனவரி 1958.