பாதிப் படத்தின் ஆண்டுவிழா

படங்களுக்கு வெள்ளிவிழா, பாட்டுகளுக்குப் பொன்விழா என்று தொலைக்காட்சிக்காரர்கள் எதையாவது கொண்டாடிக்கொண்டே இருக்கிறார்கள். கொண்டாடட்டும். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே எங்கள் வீட்டில், பாதி மட்டும் பார்த்த ஒரு படத்துக்கு வருடந்தோறும் விழா நடந்தது.

அப்போது, கேரளம் என்ற மாநிலம் உருவாகுமுன், எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் பாறசாலைக்காரர்கள். அம்மை பிறந்த வீடு களியக்காவிளைக்கு அந்தப் பக்கம். காலையில் நடக்கத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் போய்விடலாம். தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி மாமாமார் இருவரும் கொடி பிடித்தார்கள். போலீஸ் தேடியதும் தலைமறைவானார்கள். அப்பாவுக்கோ மராமத்து இலாகாவில் சர்க்கார் வேலை. மனைவி அந்த வீட்டுக்குப் போய் வந்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்று நடுங்கினார். தமிழ்ப் பத்திரிகையைக்கூட மடித்து அரிசிப் பானைக்குள் வைத்த மனிதர் அவர். எல்லாம் அடங்கட்டும், கொஞ்சம் பொறு என்று மாதக்கணக்கில் அம்மையைப் பொறுக்கவைத்தார். அங்கே அவளைப் பெற்றவள் படுத்த படுக்கையாக இருப்பதாகத் தகவல் வந்த பிறகும் அதையேதான் சொன்னார்.

அம்மை சண்டை போடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அது அப்பாவுக்குத் தாங்கவில்லை. சபையார் எல்லோரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகை முடிந்த மறு சனிக்கிழமை, காரக்கோணத்தில் துக்கம் விசாரிக்கப் போவதாக அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். போனது டூரிங் டாக்கீசுக்கு. சினிமா பாவம் என்று பிரசங்கம் கேட்டே வளர்ந்தவருக்கு மனைவியைத் தேற்ற வேறு வழி தெரியவில்லை, பாவம்.

நான் சிறுமி. பெண்கள் பக்கத்து மணலில் அம்மையின் மடியில் உட்கார்ந்து பார்த்தேன். தூர தேசத்தில் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒரு பெண், தாய்க்கு உடம்பு சரியில்லை என்று கேட்டு ஆற்றங்கரைக்கு ஓடி வருகிறாள். துறையில் வள்ளம் இல்லை. அக்கரையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே நிற்கிறாள். இடைவேளை விட்டு விளக்கைப் போட்டார்கள். அம்மை முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் ஒருவர் ஓடிவந்து, சந்திப்பில் ஊர்வலத்தைப் போலீஸ் அடிக்கிறது என்றார். கொட்டகைக்காரர் படத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அம்மை மட்டும் திரும்பித் திரும்பி அந்த வெள்ளைத் திரையைப் பார்த்தாள். அதன் பிறகு கொட்டகையையே பிரித்துவிட்டார்கள்.

அந்த மாதமே அவளைப் பெற்றவள் போய்விட்டாள். பேருந்து ஓடவில்லை. வயல் வரப்புகளில் சுற்றி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அம்மை அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், அவருக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும்.

மறு வருடம் அதே சனிக்கிழமை, சோறு போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

“அந்தப் பெண்ணுக்கு வள்ளம் கிட்டிச்சா?”

அப்பா எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தார்.

“கிட்டிச்சு. நாகர்கோயில்ல படம் பாத்த ஒருத்தன் சொன்னதாக்கும். போய்ச் சேந்தப்ப அவளுக்க அம்மை வாசல்லதான் இருந்தா.”

ஒரு கிழ மீன்காரன் வள்ளம் கொண்டுவந்ததாகக் கதையை நீட்டினார். அம்மை கேட்டு முடித்து, அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அடுத்த வருடமும் கேட்டாள். அந்த முறை வந்தது மணல் ஏற்றிய வள்ளம். போன தடவை மீன்காரன் என்றீர்களே என்று நான் குறுக்கிட்டேன். அம்மை என் தொடையில் கிள்ளினாள். அப்போதுதான் அவருக்குக் கதையே தெரியாது என்று எனக்கு உறைத்தது.

பிறகு எல்லை வகுத்தார்கள். அம்மையின் ஊர் சென்னை மாநிலத்தோடு போயிற்று, நாங்கள் கேரளத்தில் நின்றோம். மாமாமார் வெளியே வந்தார்கள், பேருந்துகள் ஓடின, நினைத்தபோது போகலாம் என்றானது. அவசரமாகப் போய்ப் பார்க்க அங்கே அவளுக்கு யாரும் இல்லை. சனிக்கிழமை விழா மட்டும் நிற்கவில்லை. ஒரு வருடம் தெப்பம், ஒரு வருடம் கல்யாண வீட்டாரின் வள்ளம், ஒரு வருடம் வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை. எதில் வந்தாலும் அந்தப் பெண்ணின் அம்மை உயிரோடு வாசலில் இருந்தாள்.

அப்பா இறந்த வருடமும் அந்தச் சனிக்கிழமை வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் கதை தொடங்கும் அந்தக் குரலுக்காக இன்றைக்கும் ஏங்குகிறேன்.

வெகுகாலம் கழித்து அந்தப் படத்துக்குப் பொன்விழா என்று தொலைக்காட்சியில் போட்டார்கள். அம்மை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதலிலிருந்தே உட்கார்ந்தாள். இடைவேளைக்குப் பின் ஆறே இல்லை. நேரே சென்னையில் ஒரு பங்களா. கதாநாயகன் பியானோ வாசிக்கிறான், அந்தப் பெண் பட்டுடுத்திச் சிரிக்கிறாள், சமையல்காரன் வழுக்கி விழுகிறான். தாய் பிழைத்தாளா செத்தாளா என்று யாருக்கும் நினைவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கிவந்தது. அணைக்கப் போனேன். அம்மை கையைப் பிடித்து உட்காரவைத்தாள். ‘வணக்கம்’ போடும்வரை பார்த்தாள்.

பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

“படம் எடுத்தவன் ஒரு வள்ளங்கூட விடல்ல. உனக்க அப்பா எத்தனை விட்டாரு மக்கா.”