பயப்படுவதற்கென்று ஓர் ஆள்

ஐரோப்பாவில் ஒரு றக்பி அணி அரையிறுதிக்குப் போனதில் எனக்கும் பங்கு இருக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கனடாவில், ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஒருவன் இப்படிச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

என் மகன் அயர்லாந்தில் ஒரு கழகத்துக்கு விளையாடுகிறான். சட்டை இலக்கம் இரண்டு. பந்து கோட்டுக்கு வெளியே போனால் அதைத் திரும்ப உள்ளே எறிவது அவன் வேலை. இரண்டு அணியினரும் அருகருகே வரிசையாக நிற்பார்கள். தன் அணியில் ஓர் உயரமானவனை மற்றவர்கள் தூக்கிப் பிடிப்பார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவால், கோணாமல், அவன் கைக்குப் பந்து போய்ச் சேர வேண்டும். மனம் கொஞ்சம் ஆடினாலும் கை ஆடிவிடும், பந்து எதிரணிக்குப் போய்விடும்.

போன மார்கழியில் அவன் கை ஆடத் தொடங்கியது. ஓர் ஆட்டத்தில் எறிந்ததெல்லாம் கோணல். அடுத்த கிழமை ஐரோப்பியக் கிண்ண ஆட்டம். அணியை அறிவித்தபோது முதல் பதினைந்து பேரிலும் அவன் இல்லை, மாற்று ஆட்களிலும் இல்லை. ஆனியோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. ஐரோப்பிய ஆட்டங்களில் இடம் பிடிக்காதவனைக் கழகம் வைத்திருக்காது என்று அவனே முன்பு சொல்லியிருந்தான். சின்ன வயதிலிருந்து அவன் வேறொன்றையும் கேட்டதில்லை.

எனக்குப் பயம் புதிதல்ல. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க மார்க்கம் வீதியில் பாதி வழியில் காரைத் திருப்புகிறவன் நான். இலை நிறம் மாற முதலே காருக்குப் பனிக்கால ரயர் போட்டுவிடுவேன். கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகு பஸ்ஸில் ஒவ்வொரு இருக்கைக்குக் கீழும் குனிந்து பார்ப்பேன். பார்த்துவிட்டு, சரியாகப் பார்த்தேனா என்று இன்னொரு தரம் பார்ப்பேன். அந்தக் கிழமை அடுப்புக்காக மட்டும் நான்கு தரம் காரைத் திருப்பினேன்.

அப்போதுதான் ஒரு மத்தியானம் மகன் அயர்லாந்திலிருந்து போன் எடுத்தான்.

"அப்பா, இங்க மைண்டுக்கு எண்டு ஒரு கோச் இருக்கிறா. மட்சுக்கு முதல் பயத்தை எங்கையாவது இறக்கி வைக்கட்டாம். எனக்கு ஒரு ஐடியா. உங்களிட்டத் தரவோ?"

"என்னத்தை?"

"பயத்தைத்தான். நீங்கள் எப்பிடியும் பயப்பிடப் போறீங்கள். என்ரையையும் சேர்த்துப் பயப்பிடுங்கோவன். நான் ஃப்ரீயா எறியிறன்."

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மனைவி கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "இவ்வளவு காலமும் சும்மா பயந்தனீங்கள். இப்பதான் அதுக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு. ஒழுங்காச் செய்யுங்கோ."

நான் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஒவ்வொண்டாச் சொல்லு" என்றேன்.

காற்று என்றான். "ஓம், அது என்னட்ட" என்றேன். ஈரப் பந்து கையில் வழுக்குவது. "ஓம், தா." உயரமானவன் நேரத்துக்கு முதல் துள்ளிவிட்டால்? சனம் ஊளையிட்டால்? எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். "அப்பா, கை லேசா இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

பயிற்சியில் அவன் எறிவு நேராகத் தொடங்கியது. அடுத்த ஐரோப்பிய ஆட்டத்தில் மாற்று ஆளாக எடுத்து, இரண்டாம் பாதியில் இறக்கினார்கள். ஒன்றும் கோணவில்லை. அதற்கடுத்த ஆட்டத்தில் இரண்டாம் இலக்கம் திரும்பவும் அவன் முதுகில். பிரான்சுக்குப் போனால் தோற்றுத்தான் வருவது என்றிருந்த அணி, அங்கே கொட்டுகிற மழையில் வென்று வந்தது.

கதை அணிக்குள் பரவிவிட்டது.

"அப்பா, எங்கட கப்டன் கேக்கிறான், தன்ர முழங்காலுக்கும் நீங்கள் பயப்பிடேலுமோ எண்டு."

"எந்த முழங்கால்? இடதோ, வலதோ?"

அங்கே பெரிய சிரிப்பு கேட்டது. எனக்கு அது தெரியத்தான் வேண்டும். பொத்தாம் பொதுவாகப் பயப்பட எனக்கு வராது. பந்து உதைக்கிறவன் தன் பின்தொடைத் தசையைத் தந்தான். இன்னொருவனுக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டேன்.

காலிறுதியைப் பார்க்க நானும் மனைவியும் எங்கள் தெருவில் இருக்கிற, நாங்கள் 'நானா' என்று கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவர் வீட்டு பேஸ்மென்ருக்குப் போனோம். அவர் கண்டிக்காரர், சின்ன வயதிலேயே றக்பி பார்த்து வளர்ந்தவர். யாழ்ப்பாணத்தில் நான் அந்தப் பந்தைக் கண்ணாலும் கண்டதில்லை. எனக்கு விளையாட்டைச் சொல்லித்தந்தவர் அவர்தான்.

கடைசி நிமிடம். எங்களுக்கு இரண்டே புள்ளி முன்னிலை. எதிரணி உதைத்த பந்து எங்கள் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் வெளியே போய் விழுந்தது. எறிய வேண்டியவன் என் மகன்.

"இது போச்செண்டா எல்லாம் போச்சு தம்பி" என்றார் நானா. "முன்னுக்கு நிக்கிறவனுக்குத்தான் எறிவான். அதுதான் பத்திரம்."

"நானா, அவரை இன்னும் பயப்பிடுத்தாதேங்கோ" என்றாள் மனைவி.

"பேசாம இரிங்க தங்கச்சி. அது அவர்ட டியூட்டி."

நான் எழுந்து நின்று பயந்தேன். காற்றுக்கும், பந்துக்கும், கப்டனின் இடது முழங்காலுக்கும், பிறக்கப்போகிற பிள்ளைக்கும் சேர்த்துப் பயந்தேன். முதுகு வியர்த்து ஒழுகியது. திரையில் மகன் பந்தைச் சட்டையில் துடைத்தான். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. பால் வாங்கக் கடைக்குப் போய் வரிசையில் நிற்கிறவனைப் போல நின்றான்.

முன்னுக்கு அவன் எறியவில்லை. எல்லார் தலைக்கும் மேலால், வரிசையின் கடைசிக்கு எறிந்தான். பந்து நூல் பிடித்ததுபோலப் போனது. உயரமானவன் இரண்டு கையாலும் அதை அணைத்து இறங்கினான். அங்கிருந்து பின்னுக்குப் போன பந்தை ஒருவன் ஓங்கி உதைத்து வெளியே தள்ள, ஆட்டம் முடிந்ததென்று விசில் ஒலித்தது.

"பின்னுக்கு எறிஞ்சான் பாருங்க! பைத்தியக்காரன்! ராசா!" நானா சொக்ஸோடு வெளியே ஓடி, பனி கரைந்து கிடந்த டிரைவ்வேயில் நின்று கத்தினார். நானும் கத்தினேன். எதிர்வீட்டுக்காரி யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். என் வாழ்நாளில் தெருவில் நின்று நான் கத்தியது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரத்தில் மகன் உடைமாற்றும் அறையிலிருந்து போன் எடுத்தான். "அப்பா, பெரிய கோச் இப்ப வந்து சொன்னார். இன்னும் ரெண்டு வருசத்துக்கு என்னை வச்சிருக்கினமாம்!" மனைவி போனைப் பறித்து அழுதாள், சிரித்தாள், திரும்ப அழுதாள். பின்னால் மாடு மாதிரி ஆம்பிளைகள் மேசையில் தட்டித் தட்டி ஏதோ பாடினார்கள். "ஆபா! ஆபா! ஆபா!"

"கேளுங்க தம்பி," என்றார் நானா, "உங்களைத்தான் கூப்பிடுறாங்க."

நெஞ்சை நிமிர்த்தி, போனைத் திரும்ப வாங்கினேன்.

"அரையிறுதி எந்த ஊரில?" என்று கேட்டேன். "அங்க இப்ப மழைக்காலமோ?"