ட்ரெவர் கழற்றிய டோப்பா

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வான்கூவரில் படிப்பை முடித்த வருடம், வாடகைக்காகச் சினிமா சண்டைக் குழு ஒன்றில் மெத்தை விரிக்கும் வேலையில் சேர்ந்தேன். முதல் நாளே லிந்தா அக்காவிடம் திட்டு வாங்கினேன்.

“தம்பி, ரெண்டு மெத்தைக்கு நடுவுல சந்து விட்டிருக்கியே, அதுல என் இடுப்பு போச்சுன்னா உங்கம்மாவா வந்து தைலம் தேய்ப்பாங்க?”

இடைவெளியை மூடினேன். மதியம் அக்கா தன் டப்பாவிலிருந்த சோற்றையும் புளிப்புக் கோழியையும் பாதி எனக்குத் தள்ளிவிட்டார்.

முழுப் பெயர் எர்லிந்தா கதகுத்தான். பிலிப்பைன்ஸிலிருந்து முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தவர். சிறு வயதில் கற்ற பிரம்புச் சண்டை அவரைச் சினிமாவுக்குள் கொண்டுவந்தது. சீன நாயகிக்கு டூப், மெக்சிகோ வில்லிக்கு டூப். யாருக்காக விழுந்தாலும் தலையில் டோப்பா, முகம் கேமராவுக்குத் தெரியாத பக்கம். தன் ஊர்ப் பெண்ணுக்காக மட்டும் விழுந்ததில்லை. படங்களில் அப்படிப்பட்டவர்கள் வந்தால் வேலைக்காரிகளாகத் தட்டை எடுத்துவைத்துவிட்டுப் போய்விடுவார்கள்; விழுவதற்கு வேலை இருக்காது.

பிறகு அந்தச் சண்டை நகைச்சுவைப் படம் வந்தது. அதில் சாப்பாட்டுக்கடை நடத்தும் பிலிப்பினோ பெரியம்மா, பிறந்தநாள் விருந்தில் புகுந்த ரவுடிகளை இறைச்சி சுடும் கம்பிகளால் அடிக்கிறாள். நூடுல்ஸ் தட்டோடு மாடிப்படியில் உருண்டு விழுகிறாள். கதையைக் கேட்டதிலிருந்து லிந்தா அக்கா அந்தப் படிக்கட்டைப் பற்றியேதான் பேசினார்.

ஸ்டண்ட் மாஸ்டர் டங்கனோ அந்த விழுதலைக் குழுவிலிருந்த ட்ரெவர் என்ற இளைஞனுக்குக் கொடுத்தார். பெரிய படிக்கட்டு என்றால் ஆணுக்கு டோப்பா மாட்டிவிடுவது அவர் வழக்கம். அக்காவுக்கு வயதாகிவிட்டது, காப்பீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். போதாததற்கு, ட்ரெவருக்குப் பெரியம்மா நடையைச் சொல்லித்தரும் வேலையை அக்காவிடமே கொடுத்தார். அக்கா மறுக்கவில்லை.

“இடுப்ப ஆட்டாதடா. அவ கடைக்காரி. கால் வலியோட நடப்பா,” என்று அவனைப் பின்னாலிருந்து தட்டித் தட்டி நடக்கவைத்தார்.

ஒத்திகையன்று ட்ரெவர் பூப்போட்ட கவுனில் அருமையாக உருண்டான். முகம் தெரியக் கூடாதென்று பின்னாலிருந்து எடுத்தார்கள். திரையில் பார்த்தபோது யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் தாடையைத் தடவினார். டங்கன் இன்னொரு முறை எடுக்கலாம் என்றார்.

ட்ரெவர் டோப்பாவைக் கழற்றி டங்கன் மடியில் வைத்தான்.

“நான் விழுந்தா ஒருத்தன் விழுறான்னுதான் தெரியுது, மாஸ்டர். அக்கா விழட்டும். அவங்களும் அந்த ஊர்க்காரங்க, மூஞ்சிய மறைக்க வேண்டியதில்ல.”

“உன் சம்பளம் போயிடும்டா.”

“தெரியும்.”

அக்கா அவன் தோளைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “சந்து இருக்கா பாரு,” என்றார். காப்பீட்டுக்காரர்களிடம் டங்கன் முக்கால் மணி நேரம் போனில் பேசினார். கடைசியில் சம்மதித்தார்கள்.

அக்கா உருண்டார். கடைசிப் படியில் உட்கார்ந்த நிலையில் வந்து நின்றார். தட்டு கையில் இருந்தது. தோளில் ஒரு நூடுல்ஸ் இழை தொங்கியது. அக்காவின் ஊர் வழக்கத்தில் பிறந்தநாள் நூடுல்ஸ் நீண்ட ஆயுளுக்கானது; அறுக்கக் கூடாது. அக்கா அடிபட்ட ரவுடியை முறைத்துக்கொண்டே, அந்த இழையை அறாமல் எடுத்துத் தட்டில் திரும்ப வைத்தார். அது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. டங்கன்தான் முதலில் சிரித்தார். பெரியம்மாவாக நடித்த நடிகை ஓடிவந்து அந்தக் கையசைவைத் தனக்கும் காட்டச் சொன்னார்.

படம் வந்தபோது அக்கா தேவாலயத்துக் கூட்டத்தையே அழைத்துவந்தார். நானும் ட்ரெவரும் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். கண் இமைக்கும் நேரம்தான் அந்த முகம் திரையில் இருந்தது. பின்வரிசைப் பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அக்கா இருட்டில் ட்ரெவரின் கையைப் பிடித்துக்கொண்டார். படம் முடியும்வரை விடவில்லை. எங்களைப் போன்ற நிறத்தில் ஒருத்தி விழுந்து, அரங்கம் அவளோடு சேர்ந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ட்ரெவரின் பிறந்தநாளுக்கு வருடம் தவறாமல் அக்கா வீட்டு நூடுல்ஸ் போகிறது. லிந்தா அக்கா இப்போது வான்கூவருக்குப் பக்கத்திலுள்ள பர்னபியில் ஸ்டண்ட் மாஸ்டராக இருக்கிறார். அவருடைய பயிற்சிக்கூடத்தில் உதை வாங்கும் பொம்மையின் தலையில் அந்த டோப்பா இருக்கிறது.