சேம்பிள் அளவில் ஒரு ஓஸ்

முத்துமாரிக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். கத்துகிறவர்களை நம்பலாம், கத்தி முடித்ததும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவள் அந்த ரகமில்லை. மாதனூரில் தெருக்குழாய்ச் சண்டை ஒன்றில் ஓரகத்தியோடு பேச்சை விட்டவள், அந்த அம்மாளைப் பாடையில் தூக்கிக்கொண்டு போகிற அன்றைக்குத்தான் வாயைத் திறந்து அழுதாள். அந்த அழுகையையும் ஊரில் பாதிப்பேர் நம்பவில்லை.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஷூ கம்பெனியில் இருந்தாள். விடிந்ததும் கம்பெனி பஸ், பொழுது போனதும் கம்பெனி பஸ். நடுவில் தோலுக்குப் பசை தடவுகிற வேலை. பசை நெடி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் இழுப்பு வந்தது. சூப்பர்வைசர் பெரிய மனது பண்ணி வேறு பிரிவுக்கு மாற்றாமல் வீட்டுக்கே அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகுதான் ஆம்பூரில் நெடுஞ்சாலை ஓரத்து ஜோசுவாவின் ஓஸ் கடைக்குக் கூட்டிப் பெருக்க வந்தாள்.

ஜேசிபி, டிராக்டர், டேனரியில் தோல் அழுத்துகிற மிஷின், மலைக்குப் போகிற ஜீப் என்று எண்ணெய் ஓடுகிற எதற்கும் அங்கே ஓஸ் என்கிற ரப்பர்க் குழாயை வெட்டி, இரண்டு முனையிலும் பிட்டிங் என்கிற இரும்பு மூட்டு வைத்து அழுத்திக் கொடுப்பார்கள். ஜோசுவா நல்ல மனிதர். யாரோடும் சண்டை ஆகாது. யார் எதைச் சொன்னாலும் சிரிப்பார். வெட்டுகிற பையன் நின்றுபோன ஒரு நாளில் முத்துமாரி துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு மிஷினுக்கு வந்தாள். ஜோசுவா அதற்கும் சிரித்தார். அப்படியே வேலை அவளுக்கு வந்துவிட்டது.

வந்த வேலையை அவள் லேசில் விடவில்லை. ஜீப்பின் பவர் ஸ்டியரிங்குக்கு ஓஸ் என்று ஒருவன் வந்து நின்றால், பம்பிலிருந்து எண்ணெயைத் தள்ளுகிற பக்கமா, திரும்பி வருகிற பக்கமா என்று முதலில் கேட்பாள். திரும்பி வருகிற பக்கத்துக்கு எந்த ஓஸும் தாங்கும். தள்ளுகிற பக்கத்துக்கு உள்ளே கம்பி வலை போட்டதுதான் வேண்டும். அடுத்தது நட்டின் மரை. கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு நட்டில் ஒன்று இரண்டு சுற்று போய் இறுகிக்கொள்ளும். அது உட்கார்ந்துவிட்டது என்று நினைத்து வெள்ளை டேப்பைச் சுற்றி முறுக்குகிற அறிவாளிகள் ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும் இருக்கிறார்கள். முத்துமாரி விரலால் சுற்றிப் பார்த்தே இது சேராது என்று எடுத்துவிடுவாள். கடைசியாக நீளம். சமதள ரோட்டில் ஓடுகிற காருக்கு அளவாகப் போதும். பாறையிலும் ஓடையிலும் ஏறி இறங்குகிற வண்டியில் என்ஜின் தன் ரப்பர் மேல் உட்கார்ந்தபடி முழுநேரமும் ஆடிக்கொண்டிருக்கும். ஓஸில் தொங்கல் இல்லாவிட்டால் ஒருநாள் பிடுங்கிக்கொள்ளும். சைலன்சர் குழாய் பக்கத்தில் போனால் வெந்துபோகும். அங்கே நேர் பிட்டிங்கை விட்டுவிட்டு எல்போ என்கிற வளைந்த பிட்டிங் வைத்துத் திருப்பிவிட வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும் என்பது ஜோசுவாவுக்குத் தெரியும், வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேருக்கும் தெரியும். ஆனாலும் அதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள். ஏக்கம் முற்றினால் மனிதர் நல்லவராக மாறுவதில்லை, அவளும் மாறவில்லை.

சுந்தரமூர்த்தி வந்தது ஒரு திங்கட்கிழமை. ஒடுகத்தூர் பக்கத்து மலையூர்களுக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிப் போகிற ஜீப்காரர். பழைய ஜீப்புக்கு வேலூரில் பவர் ஸ்டியரிங் ஏற்றியிருந்தார். வண்டி அடிவாரத்தில் நிற்க, கழற்றிய ஓஸை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். கடையில் அப்போது இரண்டு ஜேசிபி ஓட்டுநர்கள் காத்திருந்தார்கள்.

முத்துமாரி பையிலிருந்து ஓஸை எடுத்ததுமே பார்த்துவிட்டாள். நடுவில் எங்கும் வெடிப்பில்லை. பிட்டிங்கின் வாயிலிருந்து ரப்பர் உருவிக்கொண்டு வந்திருந்தது. ஒரு பக்கம் கருகிப் பளபளத்தது. ஏற்றிக் கொடுத்தவன் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று விறைப்பாக இழுத்து மாட்டியிருக்கிறான். நாலு விரல் நீளம் கூட வேண்டும், ஒரு முனையில் எல்போ வேண்டும்.

"வண்டியயே கொண்டாந்திருக்கலாம்ணா. இந்த ஓஸ பாத்தா—"

சுந்தரமூர்த்தி அவளைப் பார்க்காமல் ஜோசுவாவைப் பார்த்தார்.

"இன்னா ஜோசுவா, இந்தம்மாவா வெட்டப் போவுது? பொம்பள வெட்டுன ஓஸ நம்பி நான் மலை ஏறணுமா? கொழம்புக்கு முருங்கக்கா நறுக்குற மாதிரி நறுக்கிடப் போவுது."

ஜேசிபிக்காரர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். சுந்தரமூர்த்தி கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல, வாய் சும்மா இல்லாத மனிதர், அவ்வளவுதான். ஜோசுவாவும் சிரித்தார். முத்துமாரிக்கு உள்ளே போய்த் தைத்தது அந்த மூன்றாவது சிரிப்பு.

அவள் பேச்சு நின்றது. பலகையைத் துடைத்துவிட்டு, வேலைக்கு வேண்டியதை மட்டும் கேட்டாள்.

"இன்னா அளவுண்ணா வேணும்?"

"சேம்பிள் அளவு. ஒரு நூல் ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்."

"சரிண்ணா."

சொன்னபடியே வெட்டினாள். சேம்பிளைப் பலகையில் நீட்டி, புது ஓஸைப் பக்கத்தில் வைத்து, ஒரு நூல் பிசகாமல் வெட்டினாள். உள்ளே தூசி போக ஊதினாள். நேர் பிட்டிங்கே வைத்து இரண்டு முனையையும் அழுத்தி, எண்ணெய் ஏற்றிச் சோதித்தாள். அந்த மாதத்தில் அவள் கையிலிருந்து போன ஓஸ்களில் அதைப்போல் சுத்தமான வேலை இன்னொன்று இல்லை. மாட்டத் தெரியுமா என்று ஜோசுவா கேட்டதற்கு, ஸ்பேனர் பிடிக்கத் தெரியாமலா இத்தனை வருஷம் ஜீப் ஓட்டுகிறேன் என்றார் சுந்தரமூர்த்தி. பையைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அவர் சாகட்டும் என்றோ விழட்டும் என்றோ அவள் நினைக்கவில்லை. அடிவாரத்து மேட்டிலேயே ஓஸ் உருவிக்கொள்ளும், ஸ்டியரிங் கல்லாகும், மனிதர் கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க மல்லுக்கட்டுவார், மறுநாள் இதே பையோடு வந்து நிற்பார் என்பதுதான் அவள் கணக்கு. ஜோசுவா சாப்பிடப் போன நேரத்தில், வேண்டிய நீளத்தில், எல்போ வைத்து, சூடு தாங்க மேலே உறையும் போட்டு, சரியான ஓஸைச் செய்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வந்ததும் என்ன சொல்வது என்பதையும் தயாராக வைத்திருந்தாள். "முருங்கக்கா நறுக்கத் தெரிஞ்சவ கிட்ட ஏண்ணா திரும்ப வர்றீங்க?" அதை மனசுக்குள் சொல்லிப் பார்க்கையில் வாய்க்கு வெல்லமாக இருந்தது.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒவ்வொரு பஸ் நின்று போகும்போதும் அவள் எட்டிப் பார்த்தாள். மேடு ஏறியிருப்பார் என்பது புரிய ஆரம்பித்தது. மேலே ஏறியபிறகு உருவினால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குப் புரியாமல் இல்லை. அவர் போன் நம்பர் கடைச் சுவரில் சாக்கட்டியால் எழுதியே இருந்தது. "அண்ணா, அந்த ஓஸ மாட்டி மேல போவாதீங்க" என்று ஒரே ஒரு வரி. இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தாள். எடுத்தபோதெல்லாம் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. வரட்டும், வந்து கேட்கட்டும் என்று போனைக் கீழே வைத்தாள். இதற்குச் சாக்கு ஏதும் கிடையாது. அவளுக்குத் தெரியும், பேச மனம் வரவில்லை.

செய்தியைக் கொண்டுவந்தது ஒடுகத்தூர் டெம்போக்காரன். மலையில் பாதி தூரத்துக்கு மேல், பாறை வளைவில் ஓஸ் பிடுங்கிக்கொண்டதாம். எண்ணெய் சைலன்சரில் விழுந்து ஒரே புகை. பின்னால் இருந்தவர்கள் குதித்துவிட்டார்கள். ஸ்டியரிங் இறுகிப்போய், முன் சக்கரம் கல்லில் மோதிய வேகத்தில் வளையம் திருப்பி அடித்ததில், அதன் கம்பிக்குள் மாட்டியிருந்த சுந்தரமூர்த்தியின் வலது கை முறுக்கிக்கொண்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மணிக்கட்டு இனித் திரும்பாது.

ஜோசுவா அவள் பக்கம் திரும்பினார். "நம்ம ஓஸா, மாரி?"

"சேம்பிள் அளவுக்குத்தான் வெட்டுனேன். ஒரு நூல் ஜாஸ்தி வேணாம்னாரு. நீங்களும்தான இருந்தீங்க."

ஒரு சொல் பொய்யில்லை. ஜோசுவா பெருமூச்சு விட்டு, பாவம் என்றார். மேசைக்கு அடியில் இருந்த ஓஸை அன்று சாயங்காலம் ஒரு டிராக்டர்காரனுக்குப் பொருந்துகிறது என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள். நல்ல ஓஸ், வீணாக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மழைக்காலம் முடிந்து சுந்தரமூர்த்தி வந்தார். கூட மனைவி செல்லம்மாள். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிற வழி. ஜீப்பை விற்றாயிற்று. ஜோசுவா எழுந்து ஸ்டூலைப் போட்டார். அவர் உட்காரவில்லை, நேராக மிஷினுக்கு வந்தார். வலது கையைத் துண்டால் மூடியிருந்தார்.

"உன்னத்தாம்மா பாக்க வந்தேன். அன்னிக்கு நாலு பேரு முன்னால ஒரு வார்த்த பேசிட்டேன். படுத்துனு இருக்கும்போதெல்லாம் அதான் நெனப்பு. மனசுல வெச்சிக்காத."

இதைக் கேட்கத்தான் அவள் அத்தனை பஸ்களை எட்டிப் பார்த்தாள். இப்போது காதில் விழுந்தது, எந்த ருசியும் இல்லை.

அவர் முடிக்கவில்லை. "வண்டிய பாத்த மெக்கானிக் சொன்னான், சேம்பிளே கொறஞ்ச அளவாம். வேல தெரிஞ்சவங்க கையில எடுத்தாலே தெரியும், தெரிஞ்சும் குடுத்திருக்காங்கன்னான். நான் அவன திட்டி அனுப்ச்சேன். ஓஸ் கடையில வேல செய்ற பொண்ணு, அதுக்கு இன்னாடா தெரியும், சொன்னத வெட்டிக் குடுத்துச்சுன்னேன். சரிதானம்மா?"

செல்லம்மாள் கணவனைப் பார்க்கவில்லை. கண்ணை எடுக்காமல் முத்துமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜோசுவாவும் பார்த்தார். கடையில் இருந்த எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

முத்துமாரி கையிலிருந்த பிட்டிங்கைத் துணியில் துடைத்தாள்.

"ஆமாண்ணா," என்றாள். "பொம்பளைக்கு இதுல இன்னாண்ணா தெரியும்."

அவர் ஆறுதலாகத் தலையாட்டினார். நல்ல பொண்ணு என்று ஜோசுவாவிடம் சொல்லிவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.