எது போலே?

மலேசியாவில் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரே ஒரு சொல் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கோலசிலாங்கூரில் பஸ் ஏறும்போது, புக்கிட் பெலிம்பிங் பக்கம் எங்கள் தாமான் குடியிருப்பு முனையில் நிறுத்துவீர்களா என்று கையையும் வாயையும் சேர்த்து ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் மலாய்க்காரர். சிரித்தபடி “போலே” என்றார். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். எது போலே? நேற்று போலவா, மற்ற பஸ் போலவா? மீதி வாக்கியம் வரவே இல்லை. “போலே, போலே” என்று அவர் மறுபடியும் சொல்ல, பின்னால் நின்றவர்கள் என்னைத் தள்ளாத குறை. மலாயில் அதற்கு ‘முடியும், ஆகட்டும், சரி’ என்று அர்த்தமாம். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் அருள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்.

அருள் இங்கே செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, இப்போது லோரி ஓட்டுகிறவர். அவரைக் கட்டிக்கொண்டு வருவதற்கு முன் நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஹார்னஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். ஒரு வண்டிக்குள்ளே ஓடுகிற ஒயர்களையெல்லாம் கொத்தாகக் கட்டி, முனைகளில் டெர்மினல் என்ற உலோகக் கொண்டி வைத்து அழுத்தினால் அதுதான் ஹார்னஸ். நான் பார்த்து என் முத்திரையைக் குத்தாமல் ஒரு கொத்துகூட வெளியே போகாது. அப்படி இருந்தவளை இங்குள்ள கம்பெனியில் பேக்கிங் மேசையில் உட்கார வைத்தார்கள். அனுபவம் இருக்கலாம், இங்கே செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லையே என்றார்கள். யாரோ பார்த்து முடித்த ஹார்னஸ்களைப் பெட்டியில் அடுக்கும்போது என் கை பரபரக்கும். ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் போதும், “உன் வேலை அடுக்குறது” என்று சூப்பர்வைசர் குரல் வரும். அழுகை முட்டும்.

அதனால்தான், அனைத்துலகத் தரப்படி பயிற்சியும் தேர்வும் நடக்கப் போகிறது, தேறியவர்களுக்கு இன்ஸ்பெக்டர் முத்திரை என்று அறிவிப்பு வந்தபோது தலைகால் புரியவில்லை. முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன். கம்பெனி ஒருவரை ஒரு முறைதான் அனுப்பும். தவறினால் மறுபடி பேக்கிங் மேசைதான். “அதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு” என்று மகேஸிடம் பீற்றிக்கொண்டேன். மகேஸ் என்னோடு பேக்கிங்கில் இருக்கும் சுங்கை பெசார் பெண். காலையில் என்னைப் பார்த்ததும் “பசியாறிட்டீங்களாக்கா?” என்று கேட்டுத்தான் நாளைத் தொடங்குவாள். முதல் நாள் “எனக்கு இன்னும் பசியே எடுக்கலையே” என்று சொல்லி வைத்தேன். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அதுதான் பேர் என்று பிறகுதான் தெரிந்தது.

பயிற்சி தர வந்தவர் புவான் ரோஹானா; இங்கே புவான் என்றால் திருமதி. ஆளுக்கொரு பூதக்கண்ணாடி, ஒரு தட்டு நிறைய மாதிரிகள். டெர்மினலின் நடுவில் ஜன்னல் மாதிரி ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அதில் ஒரு பக்கம் ஒயரின் தோலும் மறுபக்கம் செப்பு இழைகளும் தெரிய வேண்டும். பாதி பாதியாகத் தெரிந்தால் பார்க்கவே கொள்ளை அழகு. நான் மளமளவென்று பார்த்து முடித்தேன். பழைய கம்பெனியில் எங்களுக்கு ஒரே சட்டம்: சந்தேகமா, தூக்கிப் போடு. முக்கால் தட்டைத் தூக்கிப் போட்டேன்.

“வை ரிஜெக்ட்?” என்றார் புவான்.

“நாட் நைஸ்.”

அவர் மலாயில் ஏதோ சொல்ல, வகுப்பே சிரித்தது. என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த மகேஸ் என் காதருகே குனிந்து, “பெருநாளுக்கு எடுக்கிற துணியா இது, அழகு பார்க்கன்னு கேட்கிறாங்க. நீங்க என்னாக்கா, தோட்டத்துல மிரட்டுற மண்டோர் மாதிரி எல்லாத்தையும் தள்ளுறீங்க?” என்றாள். நல்லதைத் தள்ளினாலும் மதிப்பெண் போகும் என்றார் புவான். உண்மைத் தேர்வுக்கு முன் வைத்த பயிற்சித் தேர்வில் நான் தவறினேன். இத்தனை வருஷம் இந்த வேலையைச் செய்தவள்! மானம் போயிற்று.

வீட்டில், பயிற்சியில் கொடுத்த தரநூலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் படங்கள். உச்சியில் ‘இப்படி இருந்தால் உத்தமம்’, அடியில் ‘இது குறை’. நடுவில் இருந்ததை நான் இதுவரை மதித்ததே இல்லை. அழகில்லை, ஆனால் குறையும் இல்லை, வேலை செய்யும், விட்டுவிடு. அடடா, இது நம்ம ‘பரவாயில்லை’ அல்லவா! ஊரில் சாம்பாருக்கும் மாப்பிள்ளைக்கும் சொல்கிற அதே பரவாயில்லை. அது மட்டுமில்லை. ஒரே டெர்மினல் மின்விசிறிக்குள் போனால் சரி, ஆஸ்பத்திரியில் உயிர் காக்கும் மெஷினுக்குள் போனால் கூடாது. எந்த வேலைக்கு என்று கேட்காமல் எதையும் தள்ளவும் கூடாது, ஏற்கவும் கூடாது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தூங்கிக்கொண்டிருந்த அருளை எழுப்பிப் படத்தைக் காட்டினேன். “நல்லா இருக்கு, தூங்கு” என்றார்.

தேர்வன்று தட்டைத் தொடுவதற்கு முன் தாளின் தலையில் எந்த வகைப் பொருள் என்பதைப் பார்த்தேன். சாதாரண வீட்டுச் சாமான். முதல் டெர்மினலில் தோலின் ஓரம் ஜன்னல் விளிம்பிலேயே வந்து நின்றது. கை தானாகத் தூக்கிப் போடப் போனது. இழுத்துப் பிடித்து ‘ஏற்கலாம்’ என்று குறித்தேன். கடைசித் தாள் உயிர்காக்கும் மெஷின். அதில் ஒன்று பார்க்க மணமகள் போல இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஓர் இழை அறுந்து கிடந்தது. மாட்டினாயா மகளே என்று அதைத் தள்ளினேன்.

புவான் திருத்திவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மகேஸிடம் “போலே!” என்று கையைத் தட்டினார். என் தாளை மட்டும் நெடுநேரம் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, “போலே லா…” என்று இழுத்தார்.

வெளியே வந்து மகேஸின் கையைப் பிடித்தேன். “அது என்னடி லா? உனக்கு இல்லாத லா எனக்கு எதுக்கு?”

“அதுவா? ஏதோ பரவால்லன்னு அர்த்தம்க்கா.”

மறுபடி பேக்கிங் மேசைதான் என்று முடிவு கட்டினேன். மகேஸ் என் முகத்தைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தாள். “பாஸ்தான்க்கா! பரவால்லன்னா தள்ளக் கூடாது, எடுத்துக்கணும். இத்தனை நாளா நாம என்னா படிச்சோம்?”

அந்த நடைபாதையிலேயே அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். யார் பார்த்தால் எனக்கென்ன!

முத்திரை கைக்கு வந்த அன்று, முதலில் என் மணிக்கட்டிலேயே குத்திப் பார்த்தேன். நீல வட்டம், நடுவில் என் எண். ராத்திரி வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். திருத்தணியில் அம்மா முற்றத்து விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“நல்லா இருக்குடி. அப்போ அந்த ஊரு உனக்குப் பழகிடுச்சா?”

“போலே லாம்மா” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எது போலேடி?”

அன்று பஸ் படியில் ஒரு காலோடு நின்ற என் முகமேதான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்துப் பதில் சொல்ல வாயெடுத்தால், எது போலே என்று எனக்கே தெரியவில்லை. பிறகு அம்மாவோடு சேர்ந்து நானும் மீதி வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன்.