ஆன்சி கழுத்தில் கிடந்த சங்கிலி

எம்.ரெட்டியபட்டியில் எந்தப் பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தாலும், பலசரக்குக் கடை முத்துமாரியம்மாளின் தங்கச் சங்கிலிதான் அதன் கழுத்துக்குப் போகும். பொன் பட்டால் வீக்கம் வற்றும் என்பது ஊர் நம்பிக்கை. வீக்கமும் ஒரு வாரத்தில் வற்றிவிடும், பேர் சங்கிலிக்கு.

எண்பத்தெட்டாம் வருடம் பக்கத்து வீட்டுச் சவுந்தரத்தின் மகள் ஆன்சிக்குக் கழுத்தின் இரண்டு பக்கமும் வீங்கியபோதுதான் அந்தச் சங்கிலி தோற்றது. மாதம் இரண்டாகியும் வீக்கம் ஏறிக்கொண்டே போக, கொக்கி எட்டாமல் நூல் கோத்துக் கட்டினார்கள்.

"என் சங்கிலிக்கே அடங்கலையா? அது என்னன்னு பாத்துருவோம்" என்று முத்துமாரியம்மாள் கடையைப் பூட்டிவிட்டு, தாயையும் மகளையும் மதுரை பஸ்ஸில் ஏற்றிக் கூடவே போனாள்.

பெரிய டாக்டர் கழுத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்.

"இது பொன்னுக்கு வீங்கி இல்லம்மா. பிள்ளைகளுக்கு நெறி கட்டுற அபூர்வமான நோய். பயமில்ல, இப்ப மருந்தும் வேண்டாம். மெதுவாத் தானா வத்திரும். மாசாமாசம் கொண்டுவந்து காட்டுங்க."

மருந்தே வேண்டாம் என்றதை முத்துமாரியம்மாளால் தாங்க முடியவில்லை.

"அப்ப இந்தச் சங்கிலியாவது கெடக்கட்டுமாய்யா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "தாராளமா."

ஒன்றரை வருடத்தில் வீக்கம் வற்றி, நூல் இல்லாமலே கொக்கி மாட்டியது. சங்கிலி வீடு திரும்பியது.

அடுத்த மாதமே கீழத்தெருக்காரி ஒருத்தி, மகனுக்குக் கன்னம் வீங்கியிருக்கிறதென்று சங்கிலி கேட்டு வந்தாள். முத்துமாரியம்மாள் தன் கழுத்தில் கிடந்த அதை முந்தானைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மொதல்ல டாக்டர்ட்ட காமிச்சிட்டு வா. போடலாம்னு அவுக சொன்னாத்தான் தருவேன்."