வலது என்றால் என் கைக்கு இடது

போன வருஷம் ஜவ்வாது மலையில் நடந்த காட்டுப் பந்தயத்தில் என் நாத்தனாரை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஓட்டம், சைக்கிள், படகு என மூன்றும் ஒரே நாளில். தார் ரோடே கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்குள் ஏரிக்கரைக்கு வராதவர்களைப் பின்னால் வரும் ஜீப் ஏற்றிக்கொள்ளும். அதை அவள் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் யாரும் மறக்க விடவில்லை. காலையில் உள்ளே நுழைந்ததுமே, "சிஸ்டர், இன்னிக்கு பஸ்லியா, ஜீப்லியா?" என்பார்களாம்.

இந்த வருஷம் அவளுடைய ஜோடி வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஜோடி இல்லாமல் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தறி முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணி, நீ வா."

"எனக்கு நாப்பத்தாறு வயசு பாப்பா."

"எனக்கு இன்னா பதினாறா? நாள் பூரா மிதிச்சிகினே கீற. உன் காலு ஆருக்கு வரும்?"

அது உண்மைதான். பத்தாவது முடித்ததிலிருந்து தறிக்குழியில் கால் விட்டு மிதித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் வாய் திறக்கிறவள் இல்லை. வேண்டாம் என்று சொல்வதற்கும் வாய் திறக்க வேண்டுமே. ஒப்புக்கொண்டேன்.

மூன்று மாதம் விடியற்காலையில் களம்பூர் ரோட்டில் சைக்கிள் விட்டோம். நெல் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். முதலில் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு ஓரமாகக்கூட ஒதுங்கவில்லை. ஜீப்பில் ஏறக் கூடாது என்ற வைராக்கியம் எப்போது என்னுடையதாகவும் ஆனது என்று தெரியவில்லை.

பந்தயத்தன்று ஜோடிக்கு ஒரு மேப்பும் ஓர் அட்டையும் கொடுத்தார்கள். காட்டில் ஆறு இடங்களில் மரத்தில் ஓட்டை போடும் கருவி கட்டியிருக்கும். தேடிப் போய் அட்டையில் குத்திக்கொண்டு வர வேண்டும். எங்கள் தறிமேல் ஏற்றும் பூ வேலை அட்டைக்கும் அதுபோலத்தான் ஓட்டை போடுவார்கள். அதைப் பார்த்ததும் பயம் பாதி போய்விட்டது.

ஓடும்போதே இரண்டு ஓட்டை முடித்தோம். சைக்கிளில் நான் முன்னால் போனேன். நாத்தனார் மேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், "அண்ணி, வலது!" என்றாள். நான் ஒரு நொடி யோசிக்காமல் திரும்பி மேட்டில் மிதித்தேன். மூச்சு வாங்க அவளும் பின்னாலேயே வந்தாள். அரை மணி நேரம் கழித்து, பாதை ஒரு சாமைக் கொல்லையில் போய் முடிந்தது. களை எடுத்துக்கொண்டிருந்தவர், "ஏரியா? அது அந்தாண்ட" என்று நாங்கள் வந்த திசையைக் காட்டினார்.

"வலதுன்னு தானே சொன்னேன்?"

"வலதுலதானே வந்தேன்."

"இது இடது அண்ணி. மேப்பைப் பார்த்துகினே வந்தேன், நானும் கவனிக்கல."

என் இரண்டு கைகளையும் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. எங்கள் தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். நெய்கிறவளுக்குத் தெரிவது பின்பக்கம். வலது கரையில் பூ வை என்று சொன்னால் என் கை இடது பக்கம்தான் போகும். முப்பது வருஷமாக அப்படியே போய்ப் பழகிவிட்டது. ஊரில் எல்லா வழியும் தெரியும். எனக்கு யாரும் வலது இடது சொல்ல வேண்டியிருந்ததில்லை.

சொன்னேன்.

"இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"எனக்கே இப்பதான் தெரியும்."

மணி பத்தே முக்கால். அவள் சைக்கிள் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அந்த ஜீப் அவள் கண்ணில் தெரிந்திருக்கும். "மேப்பை எங்கிட்ட குடு" என்றேன். நான்தான் கேட்டேனா என்று எனக்கே ஆச்சரியம்.

மேப்பில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. பூ டிசைன் வரைந்து தரும் தாளும் அப்படித்தான் இருக்கும். கட்டத்தை எண்ணிப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். இரண்டு கட்டம் திரும்பிப் போய், ஓடையைத் தாண்டி மூன்று கட்டம் போனால் அடுத்த மரம். வலது இடது என்ற பேச்சையே விட்டுவிட்டோம். அவள் முன்னால் போனாள், நான் பின்னாலிருந்து, "வெயில் பக்கம்", "பாறை பக்கம்" என்றேன்.

"காதுல வுழல அண்ணி."

"பாறை பக்கம்னு சொன்னேன்!"

காடே திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

"இந்தக் கொரல இத்தினி வருஷமா எங்க வெச்சினிருந்த?"

"உங்கண்ணன் எங்க எடம் வுட்டாரு?"

அவள் சிரித்ததில் சைக்கிள் ஒரு குழியில் இறங்கி ஏறியது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஓட்டைகள் நான் எண்ணிய கட்டத்திலேயே கிடைத்தன. கடைசி இறக்கத்தில் ஜீப் எங்களைப் பிடித்துவிட்டது. டிரைவர் வண்டியை மெதுவாக்கி, "ஏறிக்கிறீங்களாம்மா?" என்றார். நாத்தனார் பதில் சொல்வதற்குள், "நீங்க போங்க, ஏரியாண்ட பார்க்கலாம்" என்றேன்.

ஏரிக்கரையில் ஆறாவது ஓட்டை விழும்போது பன்னிரண்டு அடிக்க எட்டு நிமிஷம் இருந்தது. படகு நடுவில் ஒரு தடவை வட்டமடித்தது. தறியில் மாற்றி மாற்றி மிதிக்கிற கணக்கில் துடுப்புப் போடச் சொன்னேன், நேராகிவிட்டது. ஏரியில் நாங்கள் முந்திய இரண்டு ஜோடிகள்தான் எங்களுக்குப் பின்னால் வந்தார்கள். அது போதும்.

கரையேறியதும் போட்டோ எடுத்தார்கள். "அக்கா, கொஞ்சம் வலது பக்கம் வாங்க" என்றார் போட்டோக்காரர். உடனே நகர்ந்தேன். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற அந்தப் படம் இப்போது அவளுடைய ஆஸ்பத்திரியில் ஒட்டியிருக்கிறது. அதில் நான் பாதிதான் இருக்கிறேன். ஆனால் என் கையில் இருக்கும் அட்டை முழுசாக விழுந்திருக்கிறது. ஆறு ஓட்டையையும் எண்ணலாம்.